தொட்டியுள் இளவேனில்: ஜப்பானியக் குறுமரக் கலையின் வரலாறு

மரத்தின் வாழ்நாள் அதனை வளர்ப்போன் வாழ்நாளினும் நீண்டது. காட்டு மரத்திற்கு இதனால் இடர் ஏதுமில்லை. மழையும் மண்ணும் அதனைப் பேணும். ஆழமற்ற தொட்டியில் நிற்கும் குறுமரத்தின் நிலை வேறு. நீர் ஊற்றிய கை ஓய்ந்தால், மற்றொரு கை அப்பொறுப்பை ஏற்றாதல் வேண்டும். 'போன்சாய்' என்று ஜப்பானியர் வழங்கும் கலையின் வரலாற்றை நுணுகி நோக்கின், அது இவ்வாறு கைமாறி வந்த பொறுப்பின் வரலாறே என்பது புலனாகும்.

'போன்' என்பது தட்டையான தொட்டி. 'சாய்' என்பது நடப்பெற்ற செடி. இக்கலையின் மூலம் சீனம். கி.பி. 706இல் எழுப்பப்பெற்ற சீன இளவரசர் சாங்குவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், கற்களும் சிறு செடிகளும் அமைந்த தட்டினை ஏந்திய பணியாளர் உருவம் காணப்படுகின்றது. ஜப்பானில் 1309ஆம் ஆண்டைச் சார்ந்த கசுகா ஓவியச் சுருளிலும் தொட்டி மரங்கள் இடம்பெற்றுள்ளன.

இக்கலையில் ஆண்டின் தலையாய பருவம் இளவேனில். குளிர்காலத்தில் இலை முழுதும் உதிர்த்து உறங்கும் மேப்பிள், ஜெல்கோவா முதலிய மரங்களின் மொட்டுகள் இளவேனில் தொடக்கத்தில் பருக்கத் தொடங்கும். இலை விரியுமுன் கிட்டும் அக்குறுகிய காலமே தொட்டி மாற்றுதற்கு உரியது. மரத்தை எடுத்து, சுருண்டு நெருங்கிய வேர்களில் ஒரு பகுதியைக் கத்தரித்து, நீர் தேங்காத புதுமண்ணில் நடுவர். இலை விரிந்தபின் வேரை வெட்டினால், எஞ்சிய வேர்கள் தளிர்களுக்கு வேண்டும் நீரை ஈந்திட இயலாது, தளிர் வாடும். பூமரங்களுக்கு மேலும் ஒரு முறை உண்டு. 'உமே' எனப்படும் பிளம் இன மரம், இலையற்ற கொம்பில் இளவேனிலுக்கு முன்னோடியாகப் பூக்கும். பூ முடிந்தவுடன் கிளைகளைக் கத்தரித்துவிடல் வேண்டும். அடுத்த ஆண்டிற்குரிய அரும்புகள் புதுக்கொம்புகளில் கோடையிலேயே தோன்றிவிடுவதால், காலந்தாழ்த்தி வெட்டுவோன் வரும் ஆண்டின் பூவையும் சேர்த்தே வெட்டிவிடுகின்றான்.

இத்தகைய உழைப்பின் அருமையை அறிந்தார்க்கே 'ஹச்சி நோ கி' என்னும் நோ நாடகத்தின் அவலம் விளங்கும். நிலமெல்லாம் இழந்து வறுமையுற்ற வீரன் சானோ கென்சாயெமோன், பனி பொழியும் இரவொன்றில் வழிப்போக்கரான துறவி ஒருவரைத் தன் குடிலில் ஏற்கின்றான். குளிர் காய விறகில்லை. செல்வம் இருந்த நாளினின்று பேணி வந்த பிளம், செர்ரி, பைன் ஆகிய மூன்று தொட்டி மரங்களையும் வெட்டி எரிக்கின்றான். வந்தவர் காமகுரா ஆட்சித் தலைவராக விளங்கிய ஹோஜோ தொக்கியோரி (1227–1263) எனப் பின்னர் அறியப்படுகின்றது. அவர் சானோவின் நிலத்தை மீட்டளித்து, அம்மரங்களின் பெயர் தாங்கிய உமேதா, சகுராயி, மத்சுயிதா என்னும் மூன்று ஊர்களையும் வழங்குகின்றார். இது வரலாறன்று, வழிவழி வந்த கதையே. எனினும், தொட்டி மரம் ஒன்றிற்கு ஓர் ஊர் ஈடாகும் என அச்சமுதாயம் எண்ணியது ஈண்டு நோக்கத்தக்கது. சானோ மூன்று ஊர்களைப் பெற்றான்; எரிந்த மரங்களோ மீளவில்லை.

எதோ காலத்தில் (1603–1868) செடி வளர்ப்பு எளிய மக்களிடையேயும் பரவியது. சோமெய் என்னும் ஊரின் தோட்டக்காரர் இத்தோ இஹெய், அசேலியாப் பூமரங்களின் வகைகளை விரித்துரைக்கும் நூலொன்றை 1692இல் வெளியிட்டார். மண்ணில் உழைத்தவரே நூலாசிரியரும் ஆனமை இக்கலையின் பெருமைகளுள் ஒன்று.

1923 செப்டம்பர் 1ஆம் நாள் நேர்ந்த பெருநிலநடுக்கம் தோக்கியோவை அழித்தது. அந்நகரின் குறுமரத் தோட்டக்காரர் சிலர் நல்ல மண்ணும் நீரும் காற்றும் நாடி, வடக்கே ஓமியா என்னுமிடத்தில் 1925இல் தம் சிற்றூரை அமைத்தனர். அங்குக் குடியேறுவோர் பத்துக் குறுமரங்களேனும் வைத்திருத்தல் வேண்டும், தம் தோட்டத்தை யாவரும் காணத் திறந்து வைத்தல் வேண்டும், மாடி கட்டலாகாது, உயிர்வேலியே அமைத்தல் வேண்டும் என விதிகள் வகுத்தனர். இரண்டாம் உலகப் போரில் இளைஞர் படைக்குச் சென்றனர். மரம் பேணுதல் வீண் ஆடம்பரமெனக் கருதப்பட்டது. தோட்டங்கள் பல மூடப்பட்டன. நீர் ஊற்றும் கைகள் குறைந்த அவ்வாண்டுகளிலும் எஞ்சிய சிலர் மரங்களைக் காத்தனர்.

அவர்கள் காத்தமையாலேயே 1989இல் முதல் உலகப் போன்சாய் மாநாடு ஓமியாவில் கூடியது. 2010இல் அங்கு நகராட்சிக் கலைக்கூடமும் திறக்கப்பட்டது. ஆயினும் முன்னர் ஏறத்தாழ முப்பதாக இருந்த தோட்டங்கள் இன்று பத்துக்கும் குறைவே. தொட்டியிலுள்ள தொன்மையான மேப்பிளுக்குத் தன் வயது தெரியாது; ஒவ்வோர் இளவேனிலிலும் உரிய நாளில் தன்னைப் பெயர்த்துப் புதுமண்ணில் நட ஒருவர் வேண்டும் என்பதே அதன் தேவை. அவ்வொருவரைப் பயிற்றி விட்டுச் செல்வதும் மரம் வளர்ப்போர்தம் கடமை என்பதனை இவ்வரலாறு உணர்த்துகின்றது.