ஒற்றை ஆள் ஹாஸ்யம்

குலசேகரன்பட்டினம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தேச சரித்திரம் படித்தவர்கள் 1942-ஆம் வருஷத்துப் போராட்டத்தைச் சொல்வார்கள். உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொலையுண்டதையும், அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு வாலிபர்கள் உயிர் தப்பி வந்ததையும் சொல்வார்கள். விஞ்ஞானத்தில் பிரியமுள்ளவர்கள், ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டியதைச் சொல்வார்கள். இன்னும் பழைய சரித்திரத்தில் மூழ்கியவர்களோ பாண்டியன் குலசேகரனில் ஆரம்பித்து, பக்கத்துக் காயலுக்கு வந்து போன மார்க்கோ போலோ வரைக்கும் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு ஞாபகம் வருவது சிரிப்பு. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேடையில் ஒரே ஓர் ஆள் நின்றுகொண்டு, திரையும் துணை நடிகரும் இல்லாமல், வெறும் வாயை முதலாக வைத்து ஒரு மண்டபத்தையே சிரிக்கச் செய்கிறாரே, அதற்கு இப்போது ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ என்று பெயர். பெயர் கப்பலேறி வந்ததுதான். ஆனால் சரக்கும் அங்கிருந்தே வந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கில் என் பக்கத்து முதல் சாட்சி குலசேகரன்பட்டினம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது ஊர். அங்கே ஞானமூர்த்தீசுவரரோடு ஒரே கருவறையில் முத்தாரம்மன் கொலுவிருக்கிறாள். நவராத்திரி வந்தால், பத்து நாளும் ஊர் கொள்ளாத கூட்டம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். அதற்கு முன்பு, நேர்ந்துகொண்ட பக்தர்கள் விரதமிருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். காளி வேஷந்தான் எல்லாவற்றிலும் கடினமானது. விரதமும் அதிகம், பாரமும் அதிகம். அப்புறம் ராஜா, ராணி, போலீஸ்காரர், குரங்கு, கரடி என்று இந்த உலகத்தில் உள்ளதெல்லாம் வரும். வாங்கிய காணிக்கை ஒரு காசு குறையாமல் அம்மன் உண்டியலில் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு.

அத்தனை வேஷத்திலும் என் மனசைப் பிடித்தது பிச்சைக்காரன் வேஷம். வீடும் வாசலும் வியாபாரமுமாக இருக்கிற மனிதர் கந்தலைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தகரக் குவளையோடு, தெரிந்தவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறார். “அம்மா, தாயே!” என்கிறார். குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கின்றன. “என்ன அண்ணாச்சி, வட்டிக் காசு வசூலிக்க வந்தீங்களா?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்கிறாள். தெருவே சிரிக்கிறது, அண்ணாச்சியும் சிரிக்கிறார். ஆனால் கை மட்டும் நீட்டியபடியே இருக்கிறது. அவரைப் பார்த்துச் சிரிக்க அன்றைக்குத் தெருவில் எல்லாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுப்பதுதான் அவர் செய்துகொண்ட பிரார்த்தனை.

இதில் நுட்பமான சங்கதி ஒன்று இருக்கிறது. பிச்சைக்காரனைப் போல நடித்துக் காட்டினால் அது பரிகாசம். அவரோ உண்மையாகவே கை நீட்டுகிறார். யாராவது “போய்யா, அடுத்த வீட்டைப் பார்!” என்றால் அந்தச் சொல் அவர்மேல்தான் விழுகிறது. சிரிப்புக்கான செலவு முழுவதும் அவருடைய கணக்கில்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் இதை அழகாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நகை பிறப்பதற்குத் தொல்காப்பியம் நான்கு இடம் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உரை எழுதிய பேராசிரியர் அதோடு விடவில்லை. எள்ளலையே இரண்டாகப் பிரிக்கிறார். பிறரைத் தான் எள்ளிச் சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் சிரிப்பது மற்றொன்று. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் ஓலையில் எழுதிய இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொண்டால், தனி ஆள் ஹாஸ்யத்தின் ரகசியம் பாதி பிடிபட்டுவிடும். முதல் வகை எல்லாருக்கும் வரும். திண்ணையில் உட்கார்ந்தாலே வரும். இரண்டாவதுக்குத்தான் தைரியம் வேண்டும். எனக்குப் பிடித்த ஹாஸ்யக்காரர்கள் எல்லாருமே இந்த இரண்டாவதில் தொடங்கியவர்கள்.

ஸ்பெஷல் நாடகத்துப் பபூனை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இதே சீமைக்காரர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் எழுதிய வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் தென்பாண்டி நாட்டுக் கோயில் கொடைகளில் இரவெல்லாம் நடக்கின்றன. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் மற்றோர் ஊர். ஒத்திகை கிடையாது. நேரே மேடையில்தான் சந்திப்பு. முருகனும் வள்ளியும் வருவதற்கு முன்னால், பந்தலில் ஜனங்கள் இன்னும் பாய் விரித்து இடம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே, பபூன் தன்னந்தனியாக வந்து நிற்பார். ஆர்மோனியக்காரர்தான் அவருக்குப் பேச்சுத் துணை. கூட்டத்துக்குக் கும்பிடு போடுவார். ஊர்ப் பெரியவர்களைப் புகழுவார். பிறகு மெல்லத் தன் கதைக்கு வருவார். பெரும்பாலும் அது தான் பட்ட அவமானமாகத்தான் இருக்கும்.

சூசன் சைசர் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், மதுரையில் இந்த நடிகர்களோடு பழகி ஆராய்ந்து, 2005-இல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். நாடக நடிகர்களைச் சமூகம் எப்படித் தாழ்வாகப் பார்க்கிறது, அந்தத் தாழ்வையே அவர்கள் மேடையில் எப்படி முதலீடு ஆக்குகிறார்கள் என்பது அதன் விஷயம். கீழே இருப்பவன்தான் என்று கூட்டம் முடிவு செய்துவிட்ட ஒருவர், ‘ஆமாம், கீழேதான் இருக்கிறேன்’ என்று தொடங்கினால், அப்புறம் அவர் என்ன சொன்னாலும் கேட்கலாம் என்று ஆகிவிடுகிறது.

பக்கத்து மலையாளத்தில் இதே உரிமை கோயிலுக்குள்ளேயே இருந்தது. கூத்தம்பலத்தில் சாக்கியார் ஒருவர் மட்டும் நின்று புராணக் கதை சொல்லுவார். சொல்லும்போதே எதிரில் இருக்கிறவர் யாராயிருந்தாலும், பிரபுவானாலும், ஒரு குத்துக் குத்துவார். கேட்பவர் எழுந்து மறுத்துப் பேசக்கூடாது என்பது மரபு. அந்த உரிமையைச் சாக்கியாருக்கு மரபும் கோயிலும் கொடுத்தன. நம் பபூனுக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து தானே சம்பாதித்துக்கொண்டார்.

அந்தத் திருவாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில், நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். வறுமையோடு வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்கள் கம்பெனியில் சேர்ந்து, பிறகு சினிமாவுக்கு வந்தவர். தென்னாட்டு வில்லுப்பாட்டும் அவர் கைவசம் இருந்தது. அவருடைய ஹாஸ்யத்தை நூறு விதமாகப் புகழலாம். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் ‘கிந்தனார்’ காலட்சேபம்.

கதாகாலட்சேபம் என்பது என்ன? ஒருவர் நின்றுகொண்டு சொல்லும் கதை. சிப்ளாக்கட்டையும் பின்பாட்டும் உண்டு. நடுநடுவே கிளைக்கதையும் சிரிப்பும் உண்டு. மேடை பக்திக்கு உரியது. கலைவாணர் அந்த மேடையையே இரவல் வாங்கினார். நந்தனார் சிதம்பரம் போக ஆசைப்பட்டார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஆசைப்படுகிறான். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்திலும் இது இடம் பெற்றது. பாகவதரின் குரல் ஏற்ற இறக்கம், இழுப்பு, அங்க சேஷ்டை எல்லாம் அப்படியே இருக்கும். ஜனங்கள் சிரித்தது அந்தத் தோரணையைப் பார்த்து. கிந்தனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க இடம் வைக்கவில்லை அவர். இந்த ஒரு ஜாக்கிரதைக்காகவே அவரை என் பட்டியலில் முதலில் வைப்பேன்.

1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் கைதானார். தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்குத் திரும்பி வந்து, 1947-இல் விடுதலை. இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. வெளியே வந்த மனிதரை ஊர் என்ன கண்ணோடு பார்க்கும்? முதுகுக்குப் பின்னால் என்ன பேசும்? அந்தக் கவலைக்கு அவர் கொடுத்த பதில் ஹாஸ்யக்காரருடைய பதில். அந்த வருஷமே வெளிவந்த ‘பைத்தியக்காரன்’ படத்தில், ஜெயிலுக்குப் போய் வந்ததையே விஷயமாக்கிப் பாடினார். மற்றவர்கள் ரகசியமாகச் சிரிப்பதற்கு முன்னால், எல்லாரும் சேர்ந்து பகிரங்கமாகச் சிரிக்க வழி செய்துவிட்டார். பேராசிரியர் சொன்ன இரண்டாவது வகைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

குலசேகரன்பட்டினத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் முத்துக் குளித்த தூத்துக்குடி. அங்கே பனிமய மாதா கோயிலின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி, ஜோசப் பனிமயதாஸ் என்று ஒரு பிள்ளை பிறந்தது. அதுதான் சந்திரபாபு. தகப்பனார் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட பத்திரிகைக்காரர். அதனால் குடும்பம் இலங்கைக்குப் போக நேர்ந்தது. பையன் கொழும்பில் வளர்ந்து சென்னைக்கு வந்தான். மேல்நாட்டார் மலைப்பாட்டில் குரலை உடைத்து உடைத்துப் பாடும் ‘யோடலிங்’ வித்தையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டு வந்தான். ‘சபாஷ் மீனா’வில் (1958) இரட்டை வேஷம். அதில் ஒன்று ரிக்‌ஷாக்காரர். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் பேசிய மெட்ராஸ் பாஷையை மெட்ராஸ்காரர்களே ரசித்தார்கள்!

ஆனால் அந்தச் சிரிப்பின் கணக்குப் புத்தகத்தில் செலவுப் பக்கம் பெரியது. சந்தர்ப்பம் கிடைக்காத விரக்தியில், ஜெமினி ஸ்டுடியோவிலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்து, கோர்ட்டில் நின்றார். அங்கே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டது உங்களுக்குத் தெரியும், வலி தெரியாது என்ற கருத்தில் நீதிபதியிடம் சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. பிற்பாடு ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ (1952) படத்திலேயே அவருக்கு இடம் கிடைத்தது. புகழும் வந்தது, கடனும் வந்தது. 1974 மார்ச்சில், ஐம்பது வயதை எட்டாமலே காலமானார். திரையில் அவர் தடுக்கி விழுகிற விழுகையைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம், வலி அவருக்கு, சிரிப்பு நமக்கு என்ற எண்ணம் என்னை உறுத்தத்தான் செய்கிறது.

‘எல்லாம் சரி ஐயா, பபூன்கள் எல்லாருமே இப்படிப் புண்ணியவான்களா?’ என்று கேட்பீர்கள். இல்லை. தன்னைத் தாழ்த்திக்கொண்டு சம்பாதித்த உரிமையை, அடுத்த நிமிஷமே மேடைக்கு வர முடியாத ஒருவர் தலையில் செலவழிக்கிற பபூன்கள் நிறைய உண்டு. பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கூசவைக்கிற பேச்சு எத்தனையோ கேட்டிருக்கிறேன். குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரில் ஒரு சமூகத்தையே ஆபாசத்துக்கு ஆளாக்கி வந்தார்கள். அந்தச் சமூகத்தார் பல காலம் முறையிட்டு, நீதிமன்றமும் தலையிட்டு, 2023-இல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. சிரிப்பைச் சட்டம் போட்டு நிறுத்தலாமா என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை. அந்த ஆட்டத்தில் கை நீட்டியவர் ஒருவர், ஏச்சு வாங்கியவர் வேறொருவர். தகரக் குவளை அண்ணாச்சியின் வேஷத்துக்கும் அதற்கும் உள்ள தூரம், மேடைக்கும் தெருவுக்கும் உள்ள தூரத்தைக் காட்டிலும் அதிகம்.

இன்றைக்குக் குளிர்சாதன அரங்கில், ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற இளைஞர்களையும் விடாமல் பார்த்து வருகிறேன். ராமநாதபுரம் சீமையிலிருந்து வந்து, கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்து, பிறகு மேடையேறிய அலெக்ஸாண்டர் பாபுவை எனக்குப் பிடிக்கும். பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டே, தன் பட்டிக்காட்டு வெகுளித்தனத்தைத் தானே கேலி செய்துகொண்டு போகிறார். அவர் நிற்கிற நிலையில் காலட்சேபக்காரரும் தெரிகிறார், பபூனும் தெரிகிறார். டிக்கெட் விலைதான் கூடியிருக்கிறது.

அடுத்த முறை இப்படி ஒருவர் கச்சேரிக்குப் போனால், முதல் ஐந்து நிமிஷத்தை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். அவர் முதலில் யாரைச் சிரிப்புக்கு இடமாக்குகிறார் என்று பாருங்கள். தன்னை என்றால், நிம்மதியாகச் சாய்ந்து உட்காருங்கள். கொடுத்த பணத்துக்கு மோசமில்லை. வாயில்காப்போன், வீட்டு வேலைக்காரி, ஊமை, நொண்டி என்று மண்டபத்துக்குள் வராத ஒருவரை என்றால், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மழை இல்லாவிட்டாலும் பாதகமில்லை.