ராமானுஜன் டௌ சார்பின் முதல் பகா எண்

80561663527802406257321747. 26 இலக்கங்கள் கொண்ட இந்தப் பகா எண், சீனிவாச ராமானுஜனின் டௌ சார்பில் முதன்முதலாகத் தலைகாட்டும் பகா எண். ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தவர். 

(1−x), (1−x²), (1−x³) என முடிவின்றி நீளும் பெருக்கலை 24ஆம் அடுக்குக்கு உயர்த்தி, x ஆல் பெருக்கி விரித்தால் வரும் கெழுக்களே டௌ மதிப்புகள்: 1, −24, 252, −1472... ராமானுஜன் 1916இல் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். p பகா எண்ணானால் டௌ(p²) = டௌ(p)² − p¹¹ என்பது அவர் கவனித்த விதிகளிலிருந்து கிடைப்பது; அவற்றை 1917இல் கணித அறிஞர் மார்டெல் நிறுவினார்.

n ஒற்றைப்படை எண்ணின் வர்க்கமாக இருந்தால் மட்டுமே டௌ(n) ஒற்றைப்படையாகும். ஆகவே ஒற்றைப்படைப் பகா எண்ணை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. முதலில் 9: 252² − 3¹¹ = −113643. இது 3ஆல் வகுபட்டுவிடுகிறது. இப்படியே போய், 251இன் வர்க்கமான 63001இல்தான் மேலே சொன்ன பகா எண் கிடைக்கிறது, அதுவும் எதிர்க்குறியோடு. 1965இல் இதைக் கண்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் டி. எச். லேமர். டௌ எங்காவது பூச்சியமாகுமா என்று 1947இல் கேட்டவரும் அவரே. அக்கேள்விக்கு இன்னும் விடை இல்லை.