பரிசுக்குப் பதில் ஒரு மாணவரைக் கேட்ட குரு



டிசம்பர் 3ஆம் நாளை மாற்றுத்திறனாளிகளுக்கான உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை 1992இல் அறிவித்தது. அந்நாளையொட்டிப் பல நாடுகளில் அரசுகளும் அறக்கட்டளைகளும் விருதுகள் வழங்குகின்றன. குறையுள்ள பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்டவர்களை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கும் ஆசிரியர்களும், அதற்கு வழி திறந்த தலைவர்களும் அன்று பாராட்டப்படுகிறார்கள். நல்ல வழக்கம். இந்தப் பாராட்டுகளின் வரலாற்றில் நம் திருச்சபைக்கும் பங்கு உண்டு. அதில் நாம் மகிழத்தக்கதும் வருந்தத்தக்கதும் கலந்தே இருக்கின்றன. இரண்டையும் சொல்ல விரும்புகிறேன்.

சார்ல் மிஷேல் தெ லெப்பே என்ற பிரெஞ்சுக் குருவின் பெயரை உங்களில் பலர் கேட்டிருக்கமாட்டீர்கள். அவர் 1712இல் வெர்சாயில் பிறந்தார். அக்காலப் பிரெஞ்சுத் திருச்சபையை அலைக்கழித்த யான்சனியச் சர்ச்சையில் ஆயர்களின் ஐயத்துக்கு ஆளாகி, மேய்ப்புப் பணியில் ஓரங்கட்டப்பட்டார். 1760ஆம் ஆண்டளவில் பாரிஸில் ஓர் ஏழைத் தாயின் வீட்டில் காது கேளாத இரட்டைச் சகோதரிகளைச் சந்தித்தார். அவர்களுக்குப் படங்களைக் காட்டி மறைக்கல்வி புகட்டி வந்த வானேன் என்ற குரு இறந்துபோயிருந்தார். கடவுளை அறியாமலே இப்பெண்கள் வாழ்ந்து மடிந்துவிடக்கூடாதே என்ற கவலைதான் தெ லெப்பேயை ஆசிரியராக்கியது.

அந்தக் கவலையின் பின்னணியை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நம்பிக்கை கேள்வியினால் வருகிறது என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதியதைச் சொல்லுக்குச் சொல்லாகப் பொருள்கொண்டு, கேளாதவர் நம்பிக்கையை அடைவது அரிது என்று எண்ணியோர் திருச்சபையில் நெடுங்காலம் இருந்தனர். அதற்கு விதிவிலக்காக, 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பேத்ரோ போன்ஸே தெ லெயோன் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி கேளாத பிள்ளைகளுக்குக் கற்பித்தார். ஆனால் அவரிடம் பயின்றோர் பெரும்பாலும் உயர்குடியினரின் பிள்ளைகள். தெ லெப்பே தம் வீட்டுக் கதவை ஏழைகளுக்குத் திறந்தார். கட்டணம் வாங்கவில்லை; தமக்கு வந்த பரம்பரைச் சொத்தை அதற்கே செலவிட்டார்.

அவருடைய பெருமை சைகை மொழியைக் கண்டுபிடித்ததில் இல்லை. அவர் அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. பாரிஸ் நகரில் கேளாதோர் தமக்குள் சைகையால் பேசி வந்தனர். கல்வி அந்தக் கைகளின் வழியாகவே அவர்களை அடையும் என்று உணர்ந்து, அவர் முதலில் தம் மாணவர்களிடமிருந்து கற்றார். பிறகு பிரெஞ்சு இலக்கணத்தைக் கற்பிக்கத் தாமே பல சைகைகளைச் செய்து சேர்த்தார். அவை வகுப்புக்கு உதவின. ஆனால் மாணவர்கள் தமக்குள் பேசும்போது தங்கள் இயல்பான சைகைகளையே விரும்பினர். 1779இல் பியேர் தெலோஜ் என்ற புத்தகம் கட்டும் தொழிலாளி, தாமே கேளாதவர், சைகை மொழிக்காக வாதாடி ஒரு நூலை வெளியிட்டார். தெ லெப்பேயின் முறையை அவர் அதில் ஆதரித்தார். அதே வேளையில், அப்பள்ளியில் பயிலாத தம்மைப் போன்றோரும் எல்லாப் பொருளையும் பற்றிச் சைகையால் உரையாடி வருவதை உலகுக்கு எடுத்துரைத்தார்.

புகழ் தெ லெப்பேயைத் தேடி வந்தது. 1777இல் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அவருடைய வகுப்பைப் பார்வையிட்டார். அவர் அளிக்க முன்வந்த வருமானமுள்ள பதவியைக் குரு ஏற்கவில்லை. இப்பணியைக் கற்றுக்கொள்ளத் தகுந்த ஒருவரைத் தம்மிடம் அனுப்பும்படி வேண்டினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவ்வாறு வந்து பயின்றவர் ஸ்டோர்க் என்ற குரு. 1779இல் வியன்னாவில் கேளாதோர் பள்ளி தொடங்கியது. ருஷ்யப் பேரரசி கத்தரீனின் தூதர் பரிசுடன் வந்தபோதும், பொன்னுக்குப் பதில் கேளாத பிள்ளை ஒன்றை அனுப்புங்கள் என்று அவர் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

1789 டிசம்பரில் அவர் இறந்தார். 1791இல் பிரான்சின் தேசியப் பேரவை, மனிதகுலத்துக்கும் நாட்டுக்கும் நன்மை செய்தோரின் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தது. பள்ளியைப் பேணும் பொறுப்பையும் அரசே ஏற்றது. பாராட்டுச் சொல்லோடு அப்பணி தொடர வழியும் செய்யப்பட்டதால் இதைப் பொருளுள்ள விருது என்பேன்.

ஆயினும் அவருக்குக் கிடைத்த பெரிய விருது அப்பள்ளியில் வளர்ந்த மாணவர்களே. கேளாதவரான ழான் மஸ்ஸியே அங்கு ஆசிரியரானார். அங்கே பயின்ற லொரான் கிளேர்க், அவரும் கேளாதவர், ஆசிரியராகி, 1816இல் தாமஸ் கல்லொடெட் என்ற சீர்திருத்தச் சபைப் போதகருடன் அமெரிக்கா சென்றார். 1817இல் ஹார்ட்ஃபோர்டில் அவர்கள் நிறுவிய பள்ளியிலிருந்துதான் அமெரிக்கச் சைகை மொழி வளர்ந்தது. கற்பிக்கப்பட்டோர் கற்பிப்போராயினர்.

இனி வருந்தத்தக்க பகுதி. 1880 செப்டம்பரில் மிலான் நகரில் கேளாதோர் கல்விக்கான மாநாடு ஒன்று கூடியது. அதற்குத் தலைமை வகித்தவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே: ஜூலியோ தார்ரா. ஏழைக் கேளாத பிள்ளைகளுக்காக உழைத்தவர். கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். ஆனால் வாய்ப்பேச்சே மனிதருக்குரிய மொழி என்று நம்பினார். சைகையை விலக்கிப் பேச்சு முறையையே பள்ளிகளில் கையாள வேண்டும் என்று மாநாடு பெரும்பான்மை வாக்கால் தீர்மானித்தது. ஏறத்தாழ 164 பேர் கலந்துகொண்ட அவையில் கேளாதவர் ஒருவரே என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அதன் விளைவாக ஐரோப்பா எங்கும் கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தனர். சைகை செய்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். கைகளின் மேலேயே உட்கார வைக்கப்பட்டனர். 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வழித்தோன்றல் அவை, அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையில் சென்றவை 130 ஆண்டுகள்.

ஒரு குரு மாணவர்களிடம் கற்றார். அவர்களுடைய கைகள் விடுதலை பெற்றன. மற்றொரு குரு அவர்களைக் கேளாமலே அவர்களுக்கு நன்மை செய்ய முனைந்தார், அக்கைகள் கட்டப்பட்டன. அன்பு இருவரிடமும் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நம் காலத்துக் காயம் ஒன்றையும் சொல்லாமல் விட இயலாது. அறிவுத்திறன் குறைபாடுடையோருடன் ஒரே இல்லத்தில் வாழும் லார்ஷ் குழுமங்களை 1964இல் தொடங்கிய ஜான் வானியே, 2015இல் டெம்பிள்டன் பரிசு பெற்றார். நாமும் அவரைப் புனிதரைப் போல் போற்றினோம். அவர் இறந்த மறு ஆண்டு, 2020இல், அவர் பல பெண்களைப் பாலியல் முறையில் தவறாகப் பயன்படுத்தினார் என்பதை லார்ஷ் நிறுவனமே ஆய்வு நடத்தி வெளியிட்டது. இல்லங்கள் இன்றும் நடக்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்போர் அங்கு ஒன்றாக வாழும் எளிய மனிதர்கள். தலைவரை மட்டுமே பார்க்கும் பாராட்டு எவ்வளவு எளிதில் கண்ணை மறைக்கும் என்பதற்கு இது கசப்பான பாடம்.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய விருதுச் செய்தி ஒன்றை நீங்கள் பகிரும் முன் சற்று நின்று பாருங்கள். யாருக்காக அப்பணி நடந்ததோ அவர்கள் அம்மேடையில் எங்கே இருக்கிறார்கள்? தேர்வுக் குழுவில் அவர்களுள் ஒருவராவது உண்டா? புகைப்படத்துக்கு மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறார்களா?

இக்கேள்வி நம் கோவில் வாசலுக்கும் வரவேண்டும். நம் தமிழ்க் குடும்பங்களில், ஆட்டிசம் உள்ள பிள்ளையை, சத்தமிடும் பிள்ளையை, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சித் திருப்பலிக்கு அழைத்து வராத பெற்றோர் உள்ளனர். அப்பிள்ளைக்கு ஒன்றும் புரியாது, முதல் நற்கருணை எதற்கு என்று கேட்போரும் உள்ளனர். திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் 2007இல் நற்கருணை பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் இதற்கு விடை உண்டு. திருமுழுக்கும் உறுதிபூசுதலும் பெற்ற அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கு இயன்றவரை நற்கருணை வழங்கப்பட வேண்டும். உடன் நிற்கும் குடும்பத்தின், சமூகத்தின் நம்பிக்கையிலும் அவர்கள் அதைப் பெறுகிறார்கள் என்று அவர் கற்பித்தார். சமூகம் என்றால் நாம்தான். பின் இருக்கையிலிருந்து ஒரு பிள்ளை குரலெழுப்பும்போது திரும்பி முறைப்பதா, புன்னகைப்பதா என்பதில் நம் நம்பிக்கை வெளிப்படும்.

மாற்கு நற்செய்தியில் ஆண்டவர் கேளாத மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். அவருடைய காதுகளில் விரல்களை இட்டார், நாவைத் தொட்டார். அம்மனிதருக்குப் புரியும் மொழியில், கைகளால், முதலில் பேசினார்.

இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் தயங்காமல் என்னிடம் வாருங்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த நேரம், எந்த இடம், எந்த முறை ஏற்றது என்பதை நீங்களே எனக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை