சிரற்பொறியும் மயிற்பொறியும்

எந்திரங்களைத் தம்முள் பொரவிட்டு வெற்றி தோல்வி காணும் போட்டி இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றது. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மார்க் தோர்ப் என்பார் ‘ரோபோட் வார்ஸ்’ என்னும் பெயரில் இத்தகைய போட்டியை நடத்தினார். பின்னர் அது தொலைக்காட்சி வழியாக மக்களிடையே பெரிதும் பரவியது. இக்களங்களில் தரையில் உருண்டோடும் பொறிகளே மிகுதி. வானில் பறக்கும் பொறி இவற்றோடு பொருது வெல்ல இயலுமா? இவ்வினா சித்தியவானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் எழத்தக்கதே. அதற்கு விடை கூறப் புகும் ஆசிரியர் முதலில் சிலப்பதிகாரத்தைத் திறக்கலாம்.

மதுரைக் காண்டத்து அடைக்கலக் காதையில், கவுந்தியடிகள் ஒப்படைத்த கண்ணகியை மாதரி தன் மனைக்கு அழைத்துச் செல்கிறாள். அவ்வழியில் மதுரை மதிலின் காவற்பொறிகளை இளங்கோவடிகள் அடுக்கிக் காட்டுகிறார். தானே வளைந்து அம்பு எய்யும் விற்பொறி, கருங்குரங்கு வடிவான பொறி, கல் வீசும் கவண், பன்றிப்பொறி எனப் பல அங்கே உள்ளன. அவற்றிடையே ‘சிரல்’ என்பதும் ஒன்று. சிரல் என்பது மீன்கொத்திப் பறவை. சிச்சிலி என்றும் வழங்குவர். பகைவர்மேற் சென்று அவர்தம் கண்ணைக் கொத்தும் பொறி இது என்பது உரை தரும் விளக்கம். போர்க்களத்துப் பறவைப்பொறி பற்றிய தமிழரின் கற்பனை இத்துணைப் பழமையானது.

இங்கு நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மதிலைக் காக்கும் பெருஞ்சுமை சிரற்பொறியின்மேல் ஏற்றப்படவில்லை. கல் எறிவதும் எரிநெய் சொரிவதும் பிற கருவிகளின் தொழில். பறவைப்பொறி நாடுவது பகைவனது கண்ணை. வலிமையால் அன்றி, விரைவாலும் இலக்காலும் பயன்தரும் துணைக்கருவி அது.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி காட்டும் மயிற்பொறியோ போரிடவே இல்லை. கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரசிழக்கும் சச்சந்தன், கருவுற்ற விசயையை அப்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். வலப்புறம் திருக எழும், இடப்புறம் திருக இறங்கும் என அதனை இயக்கும் முறையையும் நூல் கூறுகிறது. அப்பொறி சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான். போர்க்களத்தினின்று ஓர் உயிரைக் காத்ததே அதன் வெற்றி.

இனி, இக்காலக் களத்தை நோக்குவோம். 2016ஆம் ஆண்டின் ‘பேட்டில்பாட்ஸ்’ போட்டி ஒன்றில், ஓர் அணி தன் தரைப்பொறிக்குத் துணையாக டிரோன் ஒன்றைப் பறக்கவிட்டது. எதிரணியின் ‘ஹைப்பர்ஷாக்’ என்னும் பொறி, தோட்டத்தில் சருகு வாரும் நீண்ட கருவியொன்றைத் தன்மேல் பொருத்திக்கொண்டு வந்து, அந்த டிரோனை அடித்து வீழ்த்தியது. வானூர்தியை வீழ்த்த விலையுயர்ந்த படைக்கலம் தேவைப்படவில்லை.

இதன் காரணம் விளங்காததன்று. அப்போட்டியில் ஒரு பொறியின் எடை ஏறத்தாழ 113 கிலோகிராம் வரை இருக்கலாம். தரைப்பொறியின் எடையைத் தரை தாங்கும். எனவே அது கனத்த கவசம் அணியலாம், சுழலும் எஃகுத் தகட்டைச் சுமக்கலாம். பறக்கும் பொறியோ தன் எடை முழுவதையும் ஒவ்வொரு நொடியும் தன் ஆற்றலாலேயே தாங்க வேண்டும். கவசம் ஏற ஏற, மின்கலம் விரைவில் தீரும். சுழலும் இறக்கைகளை முற்றும் மூடிவிடவும் இயலாது. மேலும், ஓங்கி அடித்தால் எதிர்விசை அதனையே பின்தள்ளும். ஊன்றி நிற்க அதற்கு நிலமில்லை. ஆதலின், பறக்கும் பொறி களம் புகலாம். ஆயினும் தனித்து நின்று வெல்லுதல் அரிது.

இளங்கோவடிகள் பறவைப்பொறிக்கு வகுத்த துணைமை இடத்தையே இக்காலக் களமும் அதற்கு அளித்துள்ளது. இவ்வொப்புமை கண்டு, தமிழர் அன்றே டிரோன் செய்தனர் என்று மாணவர்க்குக் கற்பித்தல் பிழையாகும். காப்பியம் பட்டறைக் குறிப்பேடு அன்று. அப்பொறிகளைச் செய்த முறையை அது கூறவில்லை. அதே வேளை, வெறுங்கதை என்று அதனைப் புறந்தள்ளுதலும் பிழையே. எண்ணம் முந்தி நிற்க, கருவி பிந்தி வருதல் உலக இயல்பு.

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற மருத்துவ ஆளில்லா வானூர்திப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. ஆளில்லா வானூர்தியை மருத்துவத் தேவைக்குப் பயன்படுத்துதலே அப்போட்டியின் நோக்கம். மலேசிய நெல்வயல்களில் மருந்து தெளிக்கவும் இன்று டிரோன்கள் பயன்படுகின்றன. இவை மயிற்பொறியின் வழிவந்த பணிகள்.

ஆகவே, பொறி செய்யும் மாணவனிடம் ஆசிரியர் இரு பொறிகளின் கதையையும் கூறுதல் நலம். சிரற்பொறி அவனுக்குக் கூர்மையைக் கற்பிக்கும். மயிற்பொறி அக்கூர்மையை எதற்குச் செலவிடுவது என்பதைக் கற்பிக்கும்.