மரப்பலகையில் பொதிகைத் தெய்வம்

1930களின் தொடக்கத்தில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துச் சென்ற ஜப்பானிய ஓவியர் யோஷிதா ஹிரோஷி, நம் மதுரைக் கோயிலை மர அச்சில் பதித்தார். அந்தக் கலையோடு பாண்டிய நாட்டுக்கு அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. அது அவலோகிதன், அதாவது அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவர் வழி வந்தது.

7ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், அதற்கும் தெற்கே மலயகூட நாட்டில் போதலகம் என்றொரு மலை இருப்பதையும், அவலோகிதேசுவரர் அங்கே உறைவதையும் எழுதிவைத்தார். அடிவாரத்தில் நின்று வேண்டுவோருக்கு அவர் சில வேளை ஈசுவரனாகவும், சில வேளை நீறு பூசிய பாசுபதராகவும் காட்சி தருவாராம். அந்தப் போதலகம் நம் பொதிகையே என்று வாதிட்டவர், தமிழகத்தில் தங்கி ஆய்ந்த ஷூ ஹிக்கோசாகா. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதனிடம் என்று 11ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியமும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கையில் ஹிக்கோசாகாவின் முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஜப்பானியருக்கு அவலோகிதன் கன்னோன், போதலகம் ஃபுதராகு. தாமரைச் சூத்திரத்தின் 25ஆம் அதிகாரம் கன்னோனுக்கு 33 வடிவங்கள் சொல்கிறது. மகேசுவரன் அவற்றுள் ஒன்று! 1938இல் அந்த அதிகாரத்தை மர அச்சு வரிசையாகச் செதுக்கியவர் முனகாத்தா ஷிகோ.

அவோமோரியில் 1903இல் பிறந்த கொல்லர் மகன் அவர். கடுமையான கிட்டப்பார்வை, மூக்கு பலகையில் உரசும் அளவுக்குக் குனிந்துதான் உளி பிடிப்பார். 1939இல் இரு போதிசத்துவர்களையும் புத்தரின் பத்துச் சீடர்களையும் செதுக்கியபோது, 12 உருவங்களுக்கு 6 பலகைகளின் இருபுறமும் பயன்பட்டன. தலையும் தோளும் பலகையின் விளிம்பை முட்டி நிற்கும். உளி எடுத்த இடம் வெள்ளையாகவும் விட்ட இடம் மைக்கறுப்பாகவும் பதிய, அந்தக் கறுப்பிலிருந்தே உடலின் கனம் எழுகிறது. தூணை விட்டு முழுதாகப் பிரியாத நம் மண்டபச் சிற்பங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நெருக்கம் அந்நியமாக இராது.

1945இன் விமானத் தாக்குதலில் போதிசத்துவர் பலகை எரிந்தது. சீடர்களின் பலகைகள் தப்பின. 1948இல் போதிசத்துவர்களை மறுபடி செதுக்கினார். 1956இல் வெனிஸ் பன்னாட்டுக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது.

தமிழ்ப் பௌத்தம் என்றதும் மணிமேகலையோடு நின்றுவிடுகிறோம். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற ஓரிடத்தில் முனகாத்தாவின் கன்னோன் அச்சுகளின் நல்ல படிகளை வைத்து, பக்கத்திலேயே வீரசோழியப் பாயிரத்தையும் யுவான் சுவாங்கின் குறிப்பையும் நம் பிள்ளைகள் படிக்கும்படி வைக்க வேண்டும்.