பல் சிகிச்சையும் இதய உள்ளுறை அழற்சியும்

எண்டோகார்டைட்டிஸ் எனப்படும் இதய உள்ளுறை அழற்சி, இதயத்தின் உட்பரப்பிலும் வால்வுகளிலும் நுண்ணுயிரிகள் படிந்து வளர்வதால் வரும் நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 3 முதல் 10 பேருக்கே வருகிறது. ஆனால் வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்துவிடுகிறார். வாயில் இயல்பாகவே குடியிருக்கும் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா இந்நோயின் முக்கியக் காரணிகளில் ஒன்று. பல் பிடுங்குவதற்கு முன் ஒருவேளை ஆன்டிபயாட்டிக் தரும் வழக்கம் வேரூன்றியது இதனால்தான். அதை யாருக்குத் தருவது என்பதில் மருத்துவ உலகம் பலமுறை நிலை மாறியிருக்கிறது.

வழக்கம் வந்த வழி

1935இல் ஓக்கெல், எலியட் ஆகிய இருவரும் லண்டனில் பல் பிடுங்கிய 138 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். 61 விழுக்காட்டினரின் இரத்தத்தில் வாய்ப் பாக்டீரியா இருந்தது. அதே ஆய்வில் வேறொரு தகவலும் உண்டு: வாய் சுகாதாரம் மோசமாக இருந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்குப் பல்லைத் தொடாமலேயே இரத்தத்தில் பாக்டீரியா காணப்பட்டது. முதல் தகவலை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதைக் கவனித்தவர்கள் குறைவு. 1955இல் அமெரிக்க இதயச் சங்கம் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. அதன் பிறகு இதயத்தில் சிறு குறை உள்ளவர்களுக்கும் மருந்து எழுதுவது வழக்கமாயிற்று.

2007இல் அச்சங்கம் பட்டியலை வெகுவாகச் சுருக்கியது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள் அல்லது செயற்கைப் பொருள் கொண்டு வால்வைச் சீரமைத்தவர்கள், இந்நோய் ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள், மாற்று இதயம் பெற்று அதில் வால்வுக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோர் மட்டுமே அதில் நின்றனர். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008இல் இன்னும் ஒரு படி மேலே போய், பல் சிகிச்சைக்கு இம்மருந்து யாருக்குமே வேண்டாம் என்றது.

அந்த முடிவின் விளைவை 2015இல் லான்செட் இதழ்க் கட்டுரை ஒன்று அளந்தது. இங்கிலாந்தில் மாதத்துக்குச் சராசரியாக 10,900 ஆக இருந்த மருந்துச்சீட்டுகள் 2,236 ஆகக் குறைந்திருந்தன. 2013 மார்ச்சில், பழைய போக்கின்படி எதிர்பார்த்ததைவிட மாதத்துக்கு 35 நோயாளிகள் கூடுதல். இது காரண காரியத்தை நிறுவவில்லை. வயது முதிர்ந்தோர் பெருகியதும், இதயத்தில் கருவி பொருத்துவது கூடியதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் 2016இல் நைஸ் தன் வாசகத்தில் 'வழக்கமாக' என்ற சொல்லைச் சேர்த்து, தேவைப்பட்டவர்களுக்குத் தர வழி விட்டது.

அண்மை ஆய்வுகள்

2022இல் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளில் ஏறத்தாழ 80 லட்சம் பேரின் தரவு ஆராயப்பட்டது. அதிக ஆபத்துள்ள பிரிவினரிடம் பல் பிடுங்கலுக்கும் வாய் அறுவைக்கும் பிந்தைய வாரங்களில் நோய் வருவது கூடியிருந்தது. முன்கூட்டி மருந்து எடுத்தவர்களிடம் அது வெகுவாகக் குறைந்திருந்தது. 2024இல் ஜாமா கார்டியாலஜி வெளியிட்ட தொகுப்பாய்வு, 30 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இப்பிரிவினரிடம் ஆபத்து ஏறத்தாழ 59 விழுக்காடு குறைவதாகக் கணித்தது. குறைந்த ஆபத்தும் நடுத்தர ஆபத்தும் உள்ளவர்களிடம் பயன் எதுவும் தெரியவில்லை. இரண்டுமே சீரற்ற ஒதுக்கீட்டுச் சோதனைகள் அல்ல; நோய் அரிது என்பதால் அப்படியொரு சோதனை நடத்துவது மிகக் கடினம். ஆனாலும் இவை ஒரே திசையைக் காட்டுவதால் 2007இன் குறுகிய பட்டியலே சரியென்று கொள்ளலாம். ஐரோப்பிய இதயவியல் கழகம் 2023இல் அதிக ஆபத்துள்ளோருக்கு இம்மருந்தைத் தன் உயர்நிலைப் பரிந்துரையாக்கியது.

நாற்காலியருகே

ஈறு, பல்வேரின் நுனி ஆகியவற்றைக் கையாளும்போதும் வாயின் உட்தோலைக் கிழிக்கும்போதும் மட்டுமே மருந்து தேவை. எக்ஸ்ரே எடுக்க, கழற்றி மாட்டும் பல்செட் பொருத்த, தொற்றில்லாத இடத்தில் மரப்பு ஊசி போட வேண்டியதில்லை. பெரியவர்களுக்கு அமாக்சிசிலின் 2 கிராம், குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம். சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. தவறிவிட்டால் சிகிச்சை முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் தரலாம்.

பெனிசிலின் ஒவ்வாதவர்களுக்கு நெடுங்காலம் தரப்பட்ட கிளிண்டாமைசினை 2021 அமெரிக்க அறிக்கை நீக்கிவிட்டது. ஒரே வேளை மருந்தே கடுமையான குடல் தொற்றை உண்டாக்கி உயிரைப் பறித்த நிகழ்வுகள் பிரிட்டனின் பதிவுகளில் உண்டு. பழக்கத்தால் இன்றும் இதை எழுதுவோர் கைவிட வேண்டிய மருந்து இது. அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம், டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் ஆகியவை மாற்று. பெனிசிலினால் கடும் ஒவ்வாமை வந்திராதவர்களுக்கு செஃபலெக்சின் 2 கிராம் தரலாம்.

ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இந்தியாவில் இன்னும் ஏராளம். செயற்கை வால்வு பொருத்தாதவரை அவர்கள் அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஆஸ்திரேலியா அவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. எனவே இங்கே இதய மருத்துவரைக் கேட்டு முடிவெடுப்பதே நல்லது. மூன்று வாரத்துக்கொருமுறை பென்சத்தின் பெனிசிலின் ஊசி போட்டு வருபவருக்கு மருந்து தர நேர்ந்தால், அமாக்சிசிலினை விட்டு வேறு வகையைத் தர வேண்டும். அவர் வாயிலுள்ள பாக்டீரியா பெனிசிலினுக்குப் பழகியிருக்கக்கூடும்.

ஓக்கெல் கண்ட அந்த இரண்டாவது தகவலுக்கு 2008இல் மறுபடி உயிர் வந்தது. லாக்ஹார்ட் குழு 290 பேரிடம் நடத்திய ஆய்வில், மருந்தின்றிப் பல் பிடுங்கியவர்களில் 60 விழுக்காட்டினருக்கும், அமாக்சிசிலின் எடுத்துப் பிடுங்கியவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், வெறுமனே பல் துலக்கியவர்களில் 23 விழுக்காட்டினருக்கும் இரத்தத்தில் பாக்டீரியா இருந்தது. பல் பிடுங்குவது வாழ்வில் சில முறை; துலக்குவது தினமும். துலக்கும்போது ஈறு முழுக்க இரத்தம் கசிபவர்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ எட்டு மடங்கு என்று அதே குழு 2009இல் காட்டியது. ஆகவே வால்வு அறுவைக்குப் பெயர் பதிந்திருக்கும் நோயாளியை, அறுவைக்கு முன்பே ஈறு சிகிச்சைக்கும் காரை அகற்றவும் பல் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.