வீக் சிற்றூர்த் தேவாலயம்: கட்டட அமைப்பும் சுவரோவிய மீட்பும்

பிரான்சு நாட்டு இடைக்காலக் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் நகரப் பேராலயங்களை முன்னிறுத்தியே எழுதப்பெற்றுள்ளது. எளிய சிற்றூர்த் தேவாலயங்களும் அவ்வரலாற்றுக்குச் சிறந்த சான்றுகளாக அமையும் என்பதற்கு வீக் என்னும் ஊரிலுள்ள தூய மார்ட்டின் தேவாலயம் தக்க எடுத்துக்காட்டாகும். இவ்வூர் நாட்டின் நடுப்பகுதியான பெரி வட்டாரத்தில், லா ஷாத்ர் நகருக்கு அருகே உள்ளது.

அமைப்பு

இத்தேவாலயம் ரோமனெஸ்க் பாணியைச் சார்ந்தது. மக்கள் கூடும் நீள்சதுரக் கூடம், குருமார் வழிபாடு நிகழ்த்தும் பகுதி, கிழக்கே அரைவட்டமாக முடியும் பீடப்பகுதி என மூன்று உறுப்புகளைக் கொண்டது. கூடத்தையும் குருமார் பகுதியையும் ஒரு சுவர் பிரிக்கிறது. அதன் நடுவே வளைவுவாயில் உள்ளது. புறத்தோற்றத்தில் குறிப்பிடத்தக்க அணிவேலைப்பாடு இல்லை.

ஓவியங்கள்

இடைச்சுவரின் இருபுறமும் பிற உட்சுவர்களும் 12ஆம் நூற்றாண்டு ஓவியங்களைத் தாங்கியுள்ளன. காவி, மஞ்சள் ஆகிய மண்நிறங்கள் மிகுதியாக ஆளப்பட்டுள்ளன. கூடத்தை நோக்கிய முகப்பில் மாட்சிமிகு கிறித்து, ஞானியர் வணக்கம், சிலுவையிலிருந்து இறக்குதல் முதலிய காட்சிகள் உள்ளன. குருமார் பகுதியில் இறுதி இராவுணவு, பாதம் கழுவுதல், யூதாசு காட்டிக்கொடுத்தல் ஆகியவை இடம்பெறுகின்றன. மக்களைப் பிரித்து நிறுத்திய சுவரே அவர்களுக்குரிய ஓவியப்பரப்பாகவும் ஆனமை நோக்கத்தக்கது.

பீடப்பகுதியில் 397இல் மறைந்த தூர் நகர ஆயர் மார்ட்டினின் கதை இடம்பெற்றுள்ளது. அவருடைய உடலுக்காகப் புவாத்தியே, தூர் ஆகிய இரு நகரத்தாரும் வழக்கிட்டனர் என்றும், காவலர் உறங்குகையில் தூர் நகரத்தார் அதனைச் சாளரத்தின் வழியே எடுத்துச் சென்றனர் என்றும் 6ஆம் நூற்றாண்டினரான தூர் கிரெகோரி எழுதியுள்ளார். அந்நிகழ்ச்சி இங்கு ஓவியமாகியுள்ளது.

மறைவும் மீட்பும்

பிற்காலத்தில் இவ்வோவியங்கள் சுண்ணாம்புப் பூச்சினால் மறைக்கப்பட்டன. பிரான்சு அரசு 1840இல் வரலாற்றுச் சின்னங்களின் முதற்பட்டியலை வெளியிட்டபோது இவை இருப்பதே வெளியுலகிற்குத் தெரியாது. 1849இல் பங்குத்தந்தை பெரிகோ பூச்சின் அடியில் ஓவியங்களைக் கண்டறிந்தார். அண்மையிலுள்ள நோஆனில் வாழ்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட், வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளராக விளங்கிய புரோஸ்பெர் மெரிமேயிடம் இச்செய்தியைக் கொண்டு சென்றார். 1850இல் தேவாலயம் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று.

முடிவுரை

ஓவியங்களைக் கண்ணிலிருந்து மறைத்த சுண்ணாம்பே அவற்றைத் தேய்விலிருந்தும் காத்தது எனக் கொள்ள இடமுண்டு. ஆயினும் பூச்சை நீக்கிய பிறகு அக்காப்பு இல்லை. அதன்பின் மனிதரின் அக்கறையே காப்பாக அமைய வேண்டியதாயிற்று. பங்குத்தந்தை, எழுத்தாளர், அரசு அலுவலர் ஆகிய மூவரும் அடுத்தடுத்துச் செயற்பட்டமையாலேயே ஓராண்டிற்குள் அக்காப்புக் கிட்டியது. புறத்தோற்றம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு சிற்றூர்க் கட்டடங்களை மதிப்பிடுதல் பொருந்தாது என்பதை வீக் தேவாலயம் உணர்த்துகிறது.